மூவிங் ஹெட்: ஒன்றில் கோபோ ஷார்ப் ஆகவில்லை, இன்னொன்றில் ஜூம் போகப்போக விலகுகிறது

ட்ரஸ்_ஈரோடு

வணக்கம். 350 வாட் 17ஆர் லேம்ப் உள்ள பீம்-ஸ்பாட்-வாஷ் மூவிங் ஹெட் (மேடையில தானா திரும்புற விளக்கு) எட்டு இருக்கு. எல்லாம் ஒரே மாடல், ஒரே சாஃப்ட்வேர் வெர்ஷன், ஒரே சேனல் மோடு. ஆறு சரியா ஓடுது, ரெண்டுல மட்டும் தகராறு.

3-ம் நம்பர்: ஜூம் குறுக்கி வெச்சா கோபோ (ஒளியில உருவம் காட்டுற தகடு) ஷார்ப்பா வருது. ஆனா மத்த ஹெட்ல வர்ற ஃபோகஸ் வேல்யூல வர்றதில்லை, கன்சோல் (விளக்கை இயக்குற மேசை) ஃபேடரை இன்னும் மேல ஏத்தணும். ஜூமை முழுசா விரிச்சா ஃபோகஸை 255 வரைக்கும் கொண்டு போனாலும் விளிம்பு மங்கலாத்தான் நிக்குது. ரீசெட் கொடுத்தாலும் அதே கதை. டிஸ்ப்ளேல எர்ரர் எதுவும் இல்லை.

6-ம் நம்பர்: ஆன் பண்ணினதும் நல்லா இருக்கு. முக்கால் மணி நேரம் ஓடினதும் பீம் சைஸ் பக்கத்து ஹெட்டோட ஒத்துப்போகலை, கோபோவும் மங்குது. ரீசெட் கொடுத்தா சரியாகி, கொஞ்ச நேரத்துல மறுபடி அப்படியே ஆகுது. ரீசெட் ஆகும்போது ஜூம் பக்கத்துல இருந்து கட கடன்னு சத்தம்.

ரெண்டுக்கும் ஃபோகஸ் மோட்டாரை மாத்தச் சொல்றாங்க. மோட்டார் வாங்குறதுக்கு முன்னாடி எதையெல்லாம் பார்க்கணும்?

---

பட்டறை_விளக்கு

மோட்டார் வாங்காதீங்க. நீங்க எழுதினதுலயே பாதி விடை இருக்கு. ஒண்ணு ரீசெட்டுக்குப் பிறகும் மாறலை, இன்னொண்ணு ரீசெட்டுல சரியாகுது. ரெண்டும் வேற வேற நோய்.

இந்த வகை ஹெட்ல பான் (இடவலம்), டில்ட் (மேல்கீழ்) மோட்டாருக்குத்தான் என்கோடர் (நிஜமா எங்க நிக்குதுன்னு சொல்ற சென்சார்) இருக்கும். ஃபோகஸுக்கும் ஜூமுக்கும் பெரும்பாலும் கிடையாது. ஆன் ஆனதும் லென்ஸ் வண்டி ஒரு ஓரத்துக்குப் போய் ஹோம் சென்சாரைத் தொடும். அந்த இடத்தைப் பூஜ்யம்னு வெச்சுக்கிட்டு, அங்க இருந்து எத்தனை ஸ்டெப் (மோட்டாரோட ஒரு சின்ன நகர்வு) நகர்ந்தோம்னு போர்டு எண்ணிக்கிட்டே இருக்கும். வண்டி நிஜமா அங்க போய்ச் சேர்ந்ததான்னு அதுக்குத் தெரியாது. அதனாலதான் எர்ரரும் வர்றதில்லை.

நடுவுல ஸ்டெப் தவறினா அடுத்த ரீசெட்ல கணக்கு நேராகிடும். உங்க 6-ம் நம்பர் அந்த வகை. தடை, பெல்ட், புல்லி, சப்ளை வோல்டேஜ்னு தேடணும். ரீசெட் ஆகியும் எப்பவும் ஒரே அளவு தள்ளியே நின்னா பூஜ்யமே இடம் மாறியிருக்குன்னு அர்த்தம். ஹோம் காந்தம், சென்சார், மெனுவுல இருக்கிற ஆஃப்செட் (பூஜ்யத்தைத் தள்ளி வைக்கிற எண்), இல்லைன்னா லென்ஸே ஹோல்டர்ல நகர்ந்திருக்கும். 3-ம் நம்பர் அந்த வகை.

ஆனா 3-ல இடம் மாறினது ஃபோகஸா ஜூமான்னு இன்னும் தெரியலை. இங்கதான் நிறைய பேர் ஏமாந்து ஃபோகஸைக் கழட்டுவாங்க. இந்த ஹெட்ல ஜூம் வண்டி நகர்ந்தா லென்ஸ் தொகுதியோட குவியத் தூரமே மாறும், அதை ஈடுகட்டத்தான் ஃபோகஸ் வண்டி நகருது. ஜூம் நாலு மி.மீ. தள்ளி நின்னாலும் கண்ணுக்கு அது ஃபோகஸ் கோளாறாத்தான் தெரியும்.

கழட்டாமலே பிரிச்சுப் பார்க்க ஒரு வழி. நல்ல ஹெட் ஒண்ணையும் 3-ஐயும் பக்கத்துல பக்கத்துல தரையில வெச்சு, 8 மீட்டர் தள்ளி ஒரே சுவர்ல அடிங்க. விளிம்பு நேரா இருக்கிற கோபோ ஒண்ணு போடுங்க, ரெண்டுலயும் அதே கோபோ. பிரிசம் (உருவத்தைப் பலதாக்குற கண்ணாடி), ஃப்ராஸ்ட் (ஒளியை மிருதுவாக்குற தகடு) ரெண்டும் ஒளிப் பாதைக்கு வெளிய இருக்கணும். ஆட்டோ ஃபோகஸ் இருந்தா மெனுவுல அணைச்சிடுங்க. ஜூமை 0, 128, 255-னு மூணு இடத்துல நிறுத்தி, ஒவ்வொரு இடத்துலயும் எந்த ஃபோகஸ் வேல்யூல ஷார்ப் ஆகுதுன்னு எழுதுங்க. சுவர்ல வட்டத்தோட விட்டத்தையும் டேப் வெச்சு அளங்க.

ஃபோகஸ் பூஜ்யம் மாறியிருந்தா மூணு இடத்துலயும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரே எண்ணா வரும், விட்டமும் ரெண்டு ஹெட்லயும் ஒத்துப்போகும். ஜூம் பூஜ்யம் மாறியிருந்தா வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும், விட்டமும் ஒத்துப்போகாது. ஒரு சின்ன எச்சரிக்கை: கலர் வீல், நிலையான கோபோ வீல், சுழலும் கோபோ வீல் மூணும் வேற வேற தளத்துல நிக்குது. ஒண்ணு ஷார்ப்பா இருக்கும்போது மத்தது மங்கலாத்தான் இருக்கும், அதைக் கோளாறுன்னு எழுதிடாதீங்க.

---

ஒளிமேசை

பட்டறை அண்ணன் சொன்னதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷ வேலை. டிஎம்எக்ஸ் கேபிளை (கன்சோல்ல இருந்து கட்டளை வர்ற கேபிள்) கழட்டிட்டு, ஹெட்டோட மெனுவுல மேனுவல் கன்ட்ரோல் போய் அங்க இருந்தே ஃபோகஸையும் ஜூமையும் ஓட்டிப் பாருங்க. அங்கயும் அதே தப்புன்னா கன்சோல் மேல பழி இல்லை. அங்க சரியா இருந்தா ப்ரொஃபைலை (எந்த சேனல் எதுக்குன்னு கன்சோல்ல இருக்கிற பட்டியல்) பாருங்க. கன்சோல்ல ஃபைன் சேனல் (நுணுக்க நகர்வுக்கான கூடுதல் சேனல்) உள்ள ப்ரொஃபைல், ஹெட்ல ஃபைன் இல்லாத மோடுன்னு இருந்தா அதுக்கு அடுத்த சேனல் எல்லாம் ஒண்ணு தள்ளிப்போகும். ஃபோகஸ் ஃபேடரைத் தொட்டா ஜூம் ஆடும்.

வண்டி ஒரே இடத்துல நடுங்குதுன்னா கடைசி ஹெட்ல 120 ஓம் டெர்மினேட்டர் (லைனை முடிக்கிற பிளக்) இருக்கான்னு பாருங்க. மைக் கேபிளை டிஎம்எக்ஸுக்குப் போட்டிருந்தாலும் இந்த நடுக்கம் வரும்.

இன்னொண்ணு, பல 3-இன்-1 மாடல்ல பிரிசம் உள்ள வந்ததும் ஜூம் முழுசாப் போகாது. லென்ஸ் வண்டியும் பிரிசம் கையும் மோதிக்கக் கூடாதுன்னு சாஃப்ட்வேரே தடுக்குது. அதைப் பார்த்துட்டு ஹெட்டைத் திறந்தவங்க நிறைய பேர்.

---

ட்ரஸ்_ஈரோடு

மேனுவல்லயும் அதே தப்புதான். அளந்துட்டேன்.

நல்ல ஹெட்: ஜூம் 0-ல ஃபோகஸ் 118, ஜூம் 128-ல 187, ஜூம் 255-ல 241.
3-ம் நம்பர்: 138, 207, மூணாவது வரவே இல்லை.

வட்டத்தோட விட்டம் மூணு இடத்துலயும் ரெண்டு ஹெட்டுக்கும் ஒரே அளவு.

---

பட்டறை_விளக்கு

அருமையா அளந்திருக்கீங்க தம்பி. முதல் ரெண்டு இடத்துலயும் சரியா 20 வித்தியாசம். மூணாவது 241-ஓட 20 கூட்டினா 261. ஃபேடர் 255-ல முடிஞ்சிடுது, அதனாலதான் விரிச்ச ஜூம்ல ஷார்ப் வரவே இல்லை. விட்டமும் ஒத்துப்போகுது. ஆக ஜூம் சுத்தம், ஃபோகஸ் ஹோம்தான் நகர்ந்திருக்கு. வண்டியோட முழு ஓட்டம் ஏறக்குறைய 50 மி.மீ. இருந்தா ஒரு மி.மீ.க்கு 5 வேல்யூ. அப்போ 4 மி.மீ. நகர்வைத் தேடுங்க.

திறக்கறதுக்கு முன்னாடி மெயின் வயரை உருவிடுங்க. டிஸ்சார்ஜ் லேம்ப், சூட்டுல உள்ளே அழுத்தம் அதிகம். இருபது நிமிஷமாவது ஆறட்டும். பான், டில்ட் லாக்கைப் போட்டுக்கோங்க. கவர் திறந்த நிலையில லேம்ப்பை எரிய விடாதீங்க, வெளிய வர்ற புற ஊதா ஒளி கண்ணைக் கெடுக்கும். மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்க்கணும்னா மெனுவுல லேம்ப் ஆஃப் வெச்சுட்டுப் பண்ணுங்க.

திறந்ததும் ஃபோகஸ் வண்டியோட பக்கவாட்டுல மிளகு சைஸ்ல ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். அதுக்கு எதிரே சட்டத்துல மூணு கால் உள்ள ஹால் சென்சார் (காந்தத்தை உணர்றது). காந்தத்தை நகத்தால லேசாத் தள்ளிப் பாருங்க. ஆடினா குற்றவாளி அதுதான். நல்ல ஹெட்டையும் திறந்து, காந்தத்தோட நடுவுல இருந்து வண்டி விளிம்பு வரை காலிப்பர்ல அளந்து, அதே அளவுல 3-லயும் ஒட்டுங்க.

ஒட்டும்போது ரெண்டு விஷயத்துல கவனம். ஒண்ணு, இந்த ஹால் சென்சார் பெரும்பாலும் காந்தத்தோட ஒரு துருவத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும். காந்தம் கையோட வந்துட்டா, எந்த முகம் சென்சாரைப் பார்த்துதுன்னு மார்க்கரால புள்ளி வெச்சுக்கோங்க. திருப்பி ஒட்டினா வண்டி ஹோமைத் தேடி ஓரத்துல போய் முட்டிக்கிட்டே நிக்கும், ஃபோகஸ் ரீசெட் எர்ரர் வரும். ரெண்டாவது, ஃபெவிக்விக் மாதிரி நொடியில பிடிக்கிற பசை வேண்டவே வேண்டாம். அது காயும்போது வர்ற ஆவி பக்கத்து லென்ஸ்ல வெள்ளைப் படலமாப் படியும், சூட்டுல பிடிப்பும் விட்டுடும். சூடு தாங்குற ரெண்டு பாக எபாக்ஸி போட்டு, அது எவ்வளவு நேரம் கேட்குதோ அவ்வளவு நேரம் காய விடுங்க.

காந்தம் ஆடலைன்னா சென்சாரை மீட்டர்ல பாருங்க. சப்ளை கால்ல பொதுவா 5 வோல்ட், சில போர்டுல 3.3. அவுட்புட் கால்ல காந்தம் தள்ளி இருக்கும்போது வோல்டேஜ் மேல நிக்கணும், கிட்ட வந்ததும் பூஜ்யத்துக்குப் பக்கம் விழணும். சென்சார் டெஸ்ட் பக்கம் மெனுவுல இருந்தா மீட்டர்கூட வேண்டாம், அங்கயே 0, 1 மாறுறது தெரியும். உங்க மாடல்ல ஹாலுக்குப் பதிலா யு வடிவ ஆப்டோ சென்சார் (ஒளியால உணர்றது) இருந்தா அந்தப் பிளவுல ஹேஸர் (மேடைக்கு மெல்லிய புகை விடுற மெஷின்) எண்ணெயும் தூசியும் அடைச்சிருக்கும், பஞ்சுக்குச்சியால துடைங்க. கவரைத் திறந்து வெயில்ல வெச்சு ஆப்டோவைச் சோதிக்காதீங்க. சூரிய ஒளில இருக்கிற அகச்சிவப்பே அதைக் குழப்பிடும்.

மெனுவுல ஆஃப்செட் வெச்சே 20-ஐச் சரிக்கட்டலாம்தான். காந்தம் ஆடாம இருந்தா மட்டும் அதைச் செய்யுங்க. ஆடுற காந்தத்துக்கு ஆஃப்செட் வெச்சா அடுத்த லாரிப் பயணத்துல மறுபடி மாறும்.

---

கோபோ_சக்கரம்

6-ம் நம்பருக்கு நான் சொல்றேன். கட கட சத்தம்னா மோட்டார் சுத்தப் பார்க்குது, வண்டி கூட வரலைன்னு அர்த்தம்.

பவர் எடுத்துட்டு, ஆறின ஹெட்ல ஜூம் வண்டியைக் கையால ஓரத்துல இருந்து ஓரம் வரை மெதுவா நகர்த்துங்க. ஸ்டெப்பர் மோட்டாரோட சீரான சின்னத் துடிப்பு விரல்ல தெரியும், அது இயல்பு. ஒரு இடத்துல மட்டும் இறுகினா வண்டி ஓடுற கம்பியில அழுக்கு, இல்லைன்னா கம்பி வளைஞ்சிருக்கு. முழு நீளத்துக்கும் கனமா இருந்தா ஐட்லர் புல்லி (பெல்ட்டோட மறுமுனைச் சக்கரம்) பேரிங், இல்லைன்னா பெல்ட் ரொம்ப இழுவை. அடுத்து பெல்ட்டைப் புல்லியில இருந்து தளர்த்திட்டு வண்டியை மட்டும் நகர்த்துங்க. ஹெட்டைச் சாய்ச்சா தன் கனத்துலயே வழுக்கி வரணும். வந்துட்டா வண்டி நல்லது, தடை பெல்ட் பக்கம்.

ஹேஸர் ஓடுற மேடையில கம்பி மேல பழுப்பா ஒரு ஒட்டுப்படலம் பிடிக்கும். பழைய கிரீஸும் தூசியும் சேர்ந்து கோந்து மாதிரி ஆகியிருக்கும். குளிரா இருக்கும்போது ஓடும், சூடானதும் புஷ் (கம்பி மேல வழுக்குற வளையம்) விரிஞ்சு பிடிக்கும். முக்கால் மணி நேரம் கழிச்சு வர்றது இதனாலதான் இருக்கும்னு நினைக்கிறேன்.

கம்பியை 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச பிசிறில்லாத துணியால துடைங்க, துணி வெள்ளையா வர்ற வரைக்கும். அதுக்குப் பிறகு என்ன போடணும்கிறது புஷ்ஷைப் பொறுத்தது. பிளாஸ்டிக் புஷ்னா ஒண்ணுமே போடாதீங்க, அது காய்ஞ்சு ஓடறதுக்குத்தான் செஞ்சது. எண்ணெய் ஊறின வெண்கல புஷ்னா கம்பியை மட்டும் துடைங்க, புஷ்ஷை ஆல்கஹால்ல ஊற விட்டா உள்ள இருக்கிற எண்ணெயும் வெளிய வந்துடும். துடைச்சதும் லேசான மெஷின் ஆயில் ஒரே சொட்டு. குண்டு பேரிங்னா கொஞ்சம் மெல்லிய கிரீஸ். டபிள்யூடி-40, சிலிகான் ஸ்ப்ரே ரெண்டும் ஹெட்டுக்குள்ள போகவே கூடாது. சூட்டுல ஆவியாகி லென்ஸ்ல படியும், மிச்சம் இருக்கிறது தூசியை இழுக்கும்.

பெல்ட் பெரும்பாலும் 2 மி.மீ. பல் இடைவெளி உள்ள ஜிடி2. நடுவுல விரலால லேசா அழுத்தினா ரெண்டு மூணு மி.மீ. இறங்கணும். அதிகமாத் தொங்கினா பல் தாவும், வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டினா மோட்டாருக்குச் சுமை. மோட்டார் புல்லியோட கிரப் ஸ்க்ரூவையும் பாருங்க. 3 மி.மீ. ஸ்க்ரூன்னா 1.5 மி.மீ. ஆலன் கீ. அது ஷாஃப்ட்டோட தட்டையான பக்கத்துல உட்காரணும். தளர்ந்திருந்தா நீல நிற த்ரெட்லாக்கர் ஒரு துளி.

விலகல் எவ்வளவுன்னு காலிப்பர்ல அளந்தா காரணமும் தெரியும். 20 பல் புல்லின்னா ஒரு சுத்துக்கு 40 மி.மீ., 200 ஸ்டெப் மோட்டார்ல ஒரு முழு ஸ்டெப்புக்கு 0.2 மி.மீ. ஸ்டெப்பர் வழுக்கினா ஒண்ணு ரெண்டா வழுக்காது, நாலு முழு ஸ்டெப்பாத்தான் வழுக்கும். அதாவது விலகல் 0.8, 1.6, 2.4-னு வரும். சரியா 2 மி.மீ.ன்னா பெல்ட் ஒரு பல் தாவியிருக்கு.

இதெல்லாம் சுத்தமா இருந்தும் சத்தம் நிக்கலைன்னா மின்சாரப் பக்கம் வாங்க. பவர் இல்லாம மோட்டார் கனெக்டரைக் கழட்டி ரெண்டு காயிலையும் அளங்க. ரெண்டும் ஒரே ஓம் காட்டணும். ஒரு காயில் அறுந்தாலோ, கனெக்டர்ல ஒரு பின் தளர்ந்தாலோ மோட்டார் திசை தெரியாம ஒரே இடத்துல நடுங்கும். பவர் இருக்கும்போது மோட்டார் கனெக்டரை உருவாதீங்க. காயில்ல இருந்து திரும்பி வர்ற வோல்டேஜ்ல ட்ரைவர் ஐசி போயிடும், 200 ரூபாய் வேலை போர்டு மாத்துற வேலை ஆகிடும்.

போர்டா மோட்டாரான்னு சந்தேகம்னா, பவர் இல்லாம, ஃபோகஸ் கனெக்டரையும் ஜூம் கனெக்டரையும் சென்சாரோட சேர்த்து ஜோடியா மாத்திப் போடுங்க. தகராறு ஃபோகஸ் வண்டிக்குப் போனா போர்டு, ஜூம் வண்டியிலயே நின்னா மெக்கானிக்கல் அல்லது மோட்டார். ரெண்டு வண்டியோட ஓட்ட நீளமும் ஒண்ணா இருக்காது, அதனால ரீசெட் மட்டும் பார்த்துட்டு உடனே அணைச்சிடுங்க. சென்சாரை மாத்தாம மோட்டாரை மட்டும் மாத்தினா வண்டி ஓரத்துல போய் இடிக்கும்.

கடைசியா மோட்டார் சப்ளை. 24 வோல்ட் சப்ளைன்னா லேம்ப் எரிஞ்சுக்கிட்டு எல்லா மோட்டாரும் ஓடும்போது போர்டு முனையில அளங்க. கவரை மூடிட்டு, மீட்டர் வயரை மட்டும் வெளிய எடுத்துக்கோங்க. 24 இருக்க வேண்டிய இடத்துல 21, 20-னு தொங்கினா பவர் சப்ளையோட கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கு. அப்போ எந்த மோட்டாரை மாத்தினாலும் பலன் இல்லை.

---

ட்ரஸ்_ஈரோடு

ரெண்டும் திறந்தாச்சு.

3-ம் நம்பர்: காந்தம் பள்ளத்துல ஒட்டியிருந்த பசை விட்டு, பள்ளத்தோட மறு ஓரத்துல நின்னுது. நல்ல ஹெட்டோட ஒப்பிட்டா 4.1 மி.மீ. தள்ளி. முகத்தைக் குறிச்சு எபாக்ஸி போட்டு ஒரு நாள் காய விட்டேன். இப்போ 118, 186, 240.

6-ம் நம்பர்: பெல்ட்டைத் தளர்த்தினா வண்டி பாதி தூரம் வழுக்கி, முன் லென்ஸ் பக்கத்துல நிக்குது. கம்பியில அந்தப் பழுப்புப் படலம் இருந்துது. பிளாஸ்டிக் புஷ், அதனால துடைச்சதோட விட்டுட்டேன். ஐட்லர் பேரிங்கும் கையால சுத்தினா மணல் மாதிரி நறநறன்னுது. 623 நம்பர் பேரிங், உள்விட்டம் 3, வெளிவிட்டம் 10, தடிமன் 4 மி.மீ., மாத்தியாச்சு. ரெண்டு மணி நேரம் ஜூமும் ஃபோகஸும் மாறி மாறி ஓட விட்டேன், விலகலை. சப்ளை 23.8-ல நிலையா நிக்குது.

ஒரு சந்தேகம். 3-ல காந்தத்துக்குப் பக்கத்துல பிளாஸ்டிக் சட்டத்துல கருகின மாதிரி ஒரு வளைஞ்ச கோடு, ஏழெட்டு மி.மீ. நீளம். லேம்ப் சூட்டுல இப்படி ஆகுமா?

---

பட்டறை_விளக்கு

லேம்ப் சூடு ஒரு பரப்பை மொத்தமா மஞ்சளாக்கும், கோடு போடாது. வளைஞ்ச கோடுன்னா அது வெயில். திறந்த மைதானத்துல பகல்ல ட்ரஸ்ல (விளக்கு தொங்கவிடுற உலோகச் சட்டம்) தொங்கும்போது முன் லென்ஸ் சூரியனைப் பார்த்து நின்னிருக்கு. பெரிய லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலை உள்ள ஒரு புள்ளியில குவிக்கும், சூரியன் நகர நகர அந்தப் புள்ளியும் ஊர்ந்து போய்க் கோடு போட்டிருக்கு. ஹெட்டுக்குப் பவரே தேவையில்லை. பசை விட்டதும் அந்தச் சூட்டுலயாத்தான் இருக்கும்.

அதே கோடு இன்னும் எதைத் தொட்டிருக்குன்னு பாருங்க. கோபோ வீல் தகடு, பிரிசம் கை, வயர் உறை, ஃப்ராஸ்ட் பிளேட். சட்டம் உருகி வளைஞ்சிருந்தா லென்ஸ் ஒரு பக்கமாச் சாயும், கோபோ ஒரு பாதி ஷார்ப்பாவும் மறு பாதி மங்கலாவும் தெரியும். அதை ஆஃப்செட்டால சரி பண்ண முடியாது, ஹோல்டரை மாத்தித்தான் ஆகணும். அன்னைக்கு அதே வரிசையில தொங்கின மத்த ஹெட்டையும் திறந்து பாருங்க.

---

ஒளிமேசை

பகல்ல ரிக் பண்ணும்போது பவர் இருந்தா எல்லா ஹெட்டையும் லென்ஸ் நேரா தரையைப் பார்க்கிற மாதிரி ஒரு க்யூ (கன்சோல்ல சேமிச்ச நிலை) போட்டு நிறுத்தி வைங்க. பவர் இல்லைன்னா டில்ட் லாக் போட்டு நிறுத்துங்க, லாக் இல்லாம விட்டா காத்துல தலை திரும்பிக்கும். மேற்கு பார்த்த மேடையில சாயங்கால வெயில் சாய்வா நேரா லென்ஸுக்குள்ள வரும், அங்க லென்ஸைத் தடிச்ச துணியால மூடிடுங்க. லேம்ப் ஆன் பண்றதுக்கு முன்னாடி துணியை எடுத்தாச்சான்னு ஒருத்தர் ஒவ்வொரு ஹெட்டா எண்ணிப் பார்க்கணும்.